பையன் கேட்கும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகன் கேமிங் மானிட்டர் கேட்கிறான். 240 ஹெர்ட்ஸ்தான் வேண்டுமாம். என்னால் பன்னிரண்டாயிரம் வரை போட முடியும். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் 100 ஹெர்ட்ஸே போதும் என்கிறார். இன்னொருவர் 27 அங்குல வளைந்த மானிட்டரைக் காட்டி, "இதான் இப்ப ஓடுது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்று முதலில் பையனிடம் கேளுங்கள். ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற கணக்கு. அத்தனை படங்களையும் உருவாக்கித் தர வேண்டியது கார்டு. மாடு நாலு லிட்டர்தான் கறக்கும் என்றால் பத்து லிட்டர் கேன் வாங்கி என்ன செய்வது? ஜிடிஎக்ஸ் 1650 மாதிரியான பழைய கார்டில்கூட வேலரண்ட் போன்ற லேசான கேம் வினாடிக்கு 144 படங்களைத் தாண்டி ஓடும். அதே கார்டில் கனமான புதுக் கேமைப் போட்டால் 60-க்கே மூச்சு வாங்கும். தனிக் கார்டே இல்லை என்றால் மானிட்டர் பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

240-ஐப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லி வினாடி நிற்கும். 144-இல் 6.9. 240-இல் 4.2. ஆக 60-இலிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி வினாடி குறைகிறது. அங்கிருந்து 240-க்குப் போனால் மிச்சம் மூன்றுகூட இல்லை. முதல் தாவலை யார் உட்கார்ந்து ஆடினாலும் உணர முடியும். இரண்டாவது, தினமும் பல மணி நேரம் ஆடிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கானது. உங்கள் மகன் அந்த ரகம் என்றால் மன்னிக்கவும், ஆனால் பரீட்சையும் இருக்கிறதே.

27 அங்குலமும் வேண்டாம். விலை குறைந்த 27 அங்குல மானிட்டர்களில் பெரும்பாலும் இருப்பது அதே 1920க்கு 1080 புள்ளிகள்தான். 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளி வரும், 27-இல் 82 ஆகிவிடும். இரண்டடி தூரத்தில் உட்காரும் பையனுக்கு எழுத்தின் ஓரம் பிசிறடிப்பது தெரியும். அந்த வளைந்த மானிட்டரில் இருப்பது பெரும்பாலும் விஏ என்ற வகைப் பேனலாக, அதாவது திரைப் பலகையாக இருக்கும். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்க அருமை. ஆனால் மலிவான விஏ-வில் இருட்டுக் காட்சி வேகமாக நகர்ந்தால் மை இழுத்த மாதிரி ஒரு கரும்பட்டை பின்னாலேயே வரும். கடையிலேயே சோதிக்கலாம்: கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து இருக்கும் ஏதாவது பக்கத்தைத் திறந்து வேகமாக மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். எழுத்து வால் விட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் "1 எம்எஸ்"ஸை (ஒரு மில்லி வினாடி) நம்பி வாங்காதீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பிஆர்டி என்று போட்டிருந்தால், அது புள்ளி நிறம் மாறும் வேகத்தைச் சொல்வதில்லை. பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு மங்கலைக் குறைத்த கணக்கு அது. இந்த விலையில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டும் வசதி) என்று எழுதியிருப்பதும் ஸ்டிக்கருக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்புறம் ஃப்ரீசிங்க். கார்டின் வேகம் ஏறி இறங்கும்போது மானிட்டரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும், ஏஎம்டி கம்பெனியின் வசதி இது. இல்லாவிட்டால் படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும். போட்டிக் கம்பெனியான என்விடியாவின் கார்டு என்றாலும் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து, 2019 ஜனவரிக்குப் பிறகு வந்த டிரைவர்களில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியாக இது வேலை செய்யும். அதனால் அந்தப் போர்ட் இருக்கிறதா என்று மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். ஸ்டாண்ட் உயரம் ஏறாவிட்டால் கவலைப்படாதீர்கள், என் மானிட்டர் பல வருஷமாக இரண்டு பழைய டைரிகள் மேல்தான் நிற்கிறது.

24 அங்குலம், ஐபிஎஸ் (விஏ மாதிரி இன்னொரு வகைப் பேனல்), 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை ஏதாவது ஒன்று. உங்கள் பணத்துக்குள் வரும். எந்தப் பிராண்டு என்பதை அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்கு ஒரு போன் போட்டு முடிவு செய்யுங்கள். 635112 என்று பின்கோடைச் சொல்லி, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, இல்லை நாம்தான் ஓசூருக்கோ சேலத்துக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கம்பெனி நல்ல கம்பெனி.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய மானிட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், பாலக்கோடு

பதில்: போன மாதம் தர்மபுரியில் என் அக்கா மகன் இதே குற்றச்சாட்டோடு, "மாமா, இது டூப்ளிகேட்" என்று அடித்துச் சொன்னான். சிபியுவைத் திருப்பிப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டில் சொருகியிருந்தது. கீழே படுக்கை வாட்டத்தில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுகளில் கம்பெனி மாட்டி அனுப்பிய ரப்பர் மூடிகூடக் கழற்றப்படவில்லை. கார்டு வாங்கி எட்டு மாதம் ஆகிறது!

முதலில் அதைப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தால் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். பல கம்ப்யூட்டர்களில் புது மானிட்டரை மாட்டினாலும் 60 என்றே நிற்கும், நாம்தான் 165-க்கு மாற்ற வேண்டும். பட்டியலில் 165-ஏ வரவில்லை என்றால் எச்டிஎம்ஐ பழையதாக இருக்கலாம். 1.4 ரகம் 1080-இல் 120, மிஞ்சினால் 144 வரைதான் போகும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறுங்கள். மாற்றியபின் மவுஸை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். அம்புக்குறிகள் முன்பைவிட நெருக்கமாகத் தெரிந்தால் வேலை முடிந்தது.

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அதே மாடல் ஆயிரத்து ஐந்நூறு குறைவு. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், பர்கூர்

பதில்: எஸ்.பி. ரோட்டில் வாங்கலாம், பில் இல்லாமல் வாங்கக் கூடாது. சில வருஷம் முன்னால் ஒரு கடையில் இப்படித்தான் பில் இல்லாமல் ஒரு மானிட்டர் எடுத்தேன். எட்டாவது மாதம் நடுவில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "எந்தக் கடையில வாங்குனீங்க சார்?" என்று என்னையே கேட்டார் அவர்.

பில் இருந்தால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் சேர்த்தி. இன்னொன்று உங்களுக்கு முக்கியம்: கடை பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால், தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி.

செத்த புள்ளி, அதாவது நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி விஷயத்தில் மட்டும் கவனம். ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் பல கம்பெனிகள் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாது. எத்தனை புள்ளி என்று வாரண்டி தாளில் போட்டிருக்கும். கடையிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கு நிறம் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தெர்மாகோலையும் பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரண்மேல் வையுங்கள்.

கேள்வி: அடிக்கடி கரண்ட் போகிறது. கேமிங் மானிட்டர் இன்வெர்ட்டரில் ஓடுமா?
வாசகர், அரூர்

பதில்: தாராளமாக. 24 அங்குல மானிட்டர் 25, 30 வாட்தான் இழுக்கும், சாதாரண சீலிங் ஃபேனில் பாதிகூட இல்லை. பாரமெல்லாம் சிபியுதான். கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்தால் இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். வைஃபை மோடத்தையும் அதே லைனில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் இருக்கும், கேம் அறுந்துபோகும்.