கோழிப் பண்ணையில் அன்ரிபயோட்டிக்குக்குப் பதிலாக பக்டீரியோபேஜ் கொடுக்கலாமா?

கம்பஹாவில் புரொயிலர் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு தொகுதிக் குஞ்சுக்கும் ஈ.கோலை என்ற பக்டீரியாவின் தொற்று வருகிறது, மருந்து முன்புபோல் கேட்பதில்லை, பேஜ் உதவுமா?

உதவக்கூடும். ஆனால் உங்கள் குஞ்சுகளைக் கொல்வது எந்தக் கிருமி என்று தெரியாமல் பேஜைத் தொடவே கூடாது.

நான் கொழும்பில் ஒரு நுண்ணுயிர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பேஜ், அதாவது பக்டீரியோபேஜ், என்பது பக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரசு. கோழிக்கூளம் ஊறிய நீரை நுண்வடிகட்டியில் வடித்து, ஈ.கோலை பரப்பிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஒரு துளி விட்டு, 37 பாகையில் இரவு முழுக்க வைப்போம். காலையில் மங்கலாகப் படர்ந்த கிருமிக்கு நடுவே கண்ணாடிபோல் தெளிந்த வட்டம் தெரிந்தால், அங்கே பேஜ் கிருமியை உடைத்துத் தள்ளியிருக்கிறது. அதே துளி, வேறு பண்ணையின் ஈ.கோலை உள்ள தட்டில் ஒன்றுமே செய்யாமல் இருக்கும். பேஜின் பலமும் சிக்கலும் இதுதான். குடலிலுள்ள நல்ல கிருமிகள் தப்பும், இறைச்சியில் மருந்து எச்சம் தங்கும் கவலையும் இல்லை. ஆனால் உங்கள் பண்ணைக் கிருமிக்குப் பொருந்தும் பேஜ் வேண்டும்.

புதுச் சங்கதியும் இல்லை. 1919இலேயே, பேஜைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டெரெல் பிரான்சில் கோழி டைபாய்டுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அன்ரிபயோட்டிக் வந்ததும் மேற்கு நாடுகள் இதைப் பெரும்பாலும் மறந்துவிட்டன.

பேஜுக்கும் பக்டீரியா தாக்குப்பிடிக்கப் பழகும். அதனால் பல பேஜ்களைக் கலந்து கொடுப்பார்கள். சில வகைப் பேஜ்கள் கிருமியை உடனே கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் ஒளிந்துகொள்ளும், நச்சு மரபணுக்களையும் சுமந்து திரியும். அவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். இன்னொன்று, கொடுக்கும் வழி. கோழியின் சுவாசக் காற்றுப்பைக்குள் ஏறிய ஈ.கோலைக்கு, அமெரிக்கச் சோதனைகளில் ஊசியும் தெளிப்பும் பலன் தந்தன; குடிநீரில் கலந்தது கைகொடுக்கவில்லை. குளோரின் போட்ட தண்ணீரானால் பேஜே செயலிழந்துவிடும்.

இணையத்தில் விற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத போத்தல்களை தயவுசெய்து வாங்காதீர்கள். அடுத்த முறை குஞ்சு செத்தால் உடனே ஐஸ் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொடுத்து, கிருமியைப் பிரித்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிருமியைச் சேமித்து வைக்கவும் சொல்லுங்கள். பின்னால் பேஜ் தேடுவதானால் அதுதான் தேவைப்படும். அதுவரை குஞ்சு வாங்கும் இடம், தண்ணீர்க் குழாயின் சுத்தம், கூளத்தின் ஈரம் இந்த மூன்றையும் கவனியுங்கள்.