சிகாகோவின் கறுப்பின மக்கள் வாழ்வில் தேவாலயத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய இடம்?

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களின் சமூக வாழ்வு ஏன் தேவாலயத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்கு தெரிந்த நகரம் சிகாகோ. அதன் தென்பகுதியில் குடியிருந்த காலத்தில் அண்டை வீட்டாருடன் ஞாயிறு ஆராதனைக்குச் சென்றுவந்தவன் என்ற முறையில், அந்நகரை வைத்தே பதில் சொல்கிறேன். பக்தி மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. பிறர் தயவை எதிர்பாராமல் அம்மக்கள் தங்கள் காணிக்கைப் பணத்தில் தாங்களே வாங்கி, தாங்களே நிர்வகித்து, தங்கள் பிணக்குகளையும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்ட இடம் தேவாலயம்தான்.

1910இல் சிகாகோவில் சுமார் 44,000 கறுப்பின மக்களே இருந்தனர். 1930இல் அந்த எண்ணிக்கை 2,30,000ஐத் தாண்டியது. பருத்திக் காடுகளில் தீராத குத்தகைக் கடனும் கும்பல் கொலைகளின் அச்சமும் அவர்களைத் தென் மாநிலங்களிலிருந்து துரத்தின. ராபர்ட் அபாட் 1905இல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' வார இதழ், புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களின் கைவழியே தெற்கே சென்று, வடக்கே வருமாறு அவர்களை அழைத்தது. ஆனால் வந்து இறங்கியவர்களுக்கு நகரம் ஒதுக்கியது, இன்று பிரான்ஸ்வில் எனப்படும் ஒரு குறுகிய பகுதியை மட்டுமே. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதிவைத்தார்கள்; அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். இந்த நெருக்கடிக்கு நடுவே ஒலிவெட் பாப்டிஸ்ட் போன்ற பெரிய சபைகள் புதிதாக வந்தவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடித் தந்தன. பெரிய சபைகளின் அடக்கமான வழிபாட்டில் மனம் ஒட்டாதவர்கள், காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்குப் பிடித்துச் சிறு சபைகளைத் தொடங்கினார்கள்.

சபைகளுக்குள் எழுந்த பிணக்குகளில் என்னை மிகவும் ஈர்ப்பது இசையைப் பற்றியது. ஜார்ஜியாவில் 1899இல் பிறந்த தாமஸ் டோர்சி, மா ரெயினி என்ற புளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். அவர் அந்தத் தாளத்தையும் ஏக்கத்தையும் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தபோது, சாராயக் கடைப் பாட்டுக்கு ஆண்டவர் சந்நிதியில் என்ன வேலை என்று பழைய சபைகள் பல கதவை அடைத்தன. 1932இல் டோர்சி வெளியூரில் பாடச் சென்றிருந்த வேளையில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தில் பிறந்தது 'பிரெஷஸ் லார்ட்' என்ற பாடல். அதே ஆண்டு பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையின் பாடற்குழுவை ஏற்ற அவர், பல பத்தாண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மகாலியா ஜாக்சன் பாடியது இப்பாடலைத்தான். வாசலில் தடுக்கப்பட்ட இசை ஒரு தலைமுறைக்குள் அச்சமூகத்தின் வழிபாட்டு இசையாகவே ஆகிவிட்டது.

தேவாலயம் தங்கள் சொந்த இடமாக இருந்ததன் பொருள் 1955இல் உலகத்துக்கே தெரிந்தது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினரைப் பார்க்கச் சென்ற எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை வெள்ளையர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். மூடியே புதைத்துவிட வேண்டும் என்று அனுப்பப்பட்ட பெட்டியைத் திறக்க வைத்த தாய் மேமி டில், சிதைந்த அந்த முகத்தை ஊரார் அனைவரும் பார்க்கட்டும் என்று ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துச் சென்றார்கள். சபை மக்களின் சொந்தக் கட்டடமாக இல்லாதிருந்தால் அந்தத் தாயின் முடிவு நிறைவேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இன்று அந்தத் தேவாலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

நான் சென்ற சபையில் வெள்ளைக் கையுறை அணிந்த பெண்கள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் இருக்கைக்கு அழைத்துச் செல்வார்கள். போதகர் தாழ்ந்த குரலில் தொடங்கும் பிரசங்கத்துக்குச் சபையார் 'ஆமென்' என்றும், 'சொல்லுங்கள் ஐயா' என்றும் வரிக்கு வரி பதில் கொடுக்க, அந்தப் பதில்களே அவருடைய குரலை மேலே ஏற்றிக்கொண்டு போகும். பிரசங்கத்துக்கு இணையாக நான் மதித்தது அறிவிப்பு நேரத்தைத்தான்: மருத்துவமனையில் இருப்பவர் யார், எந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். அடக்கம் முடிந்த குடும்பத்துக்குக் கீழ்த்தளத்தில் பொரித்த கோழியும் கீரையும் சமைத்துப் பரிமாறுவதும் சபைப் பெண்களே.

இந்நிலை இன்று மாறிவருகிறது. 1980இல் 12 லட்சத்தை நெருங்கியிருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 2020இல் 8 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பலர் புறநகருக்கும், தங்கள் பாட்டனார் விட்டுவந்த தென் மாநிலங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். டோர்சியின் பில்கிரிம் தேவாலயம் 2006இல் தீக்கிரையானது. ஆனாலும் அந்நகருக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தால், 1847இல் உருவான குவின் சாப்பல் சபையின் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வாருங்கள். நல்ல உடை உடுத்திச் செல்லுங்கள், நிழற்படம் எடுப்பதைத் தவிருங்கள், முடியும்வரை உடனிருங்கள்.