கேம்பஸில் கிடைக்காத வேலை

அன்புள்ள சார்,

எனக்கு உசிலம்பட்டி பக்கம். ஐந்து வருட சட்டப் படிப்பில் கடைசி செமஸ்டர். எங்கள் குடும்பத்தில் கோர்ட் படி ஏறப்போகும் முதல் ஆள் நான்தான். கல்லூரிக்குச் சென்னை, பெங்களூர் ஃபர்ம்கள் வந்தன. ஒன்றில் இரண்டு சுற்று இன்டர்வியூ வரை போனேன். பிறகு இந்த வருடம் ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நானே நெட்டில் தேடி ஐம்பது அறுபது வக்கீல் ஆபீஸ்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூட பதில் போடவில்லை. அந்த மெயிலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாமாகப் போய்க் கேட்பது பார் கவுன்சில் விதிக்கு விரோதம் என்கிறான் ஒரு நண்பன். தெரிந்த கவுன்சிலர் மூலம் ஒரு சீனியரிடம் சொல்லிவைக்கலாம் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும் சார்?

தே.

அன்புள்ள தே.,

நண்பரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். விதி 36 தடுப்பது, வக்கீல் கட்சிக்காரரைத் தேடிப் போய் வழக்குப் பிடிப்பதையும் விளம்பரம் செய்துகொள்வதையும்தான். வேலை கேட்பது அதில் வராது. நீங்கள் இன்னும் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்து என்ரோல்கூட ஆகவில்லை.

கேம்பஸைப் பற்றி ரொம்ப வருத்தப்பட வேண்டாம். நம் பக்கத்து வக்கீல் ஆபீஸ்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுப்பதே இல்லை. ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் ஆபீஸ். அங்கே ஆள் தேவை திடீரென்றுதான் வரும். ஒரு ஜூனியர் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவார், இன்னொருவர் கல்யாணம் ஆகித் திருச்சிக்குப் போய்விடுவார். அந்த வாரத்தில் யார் ஞாபகத்துக்கு வருகிறாரோ அவருக்கு வேலை. ஆக, நேரே போய்க் கேட்பதுதான் இங்கே ராஜபாட்டை. நீங்கள் கேட்ட விதத்தில்தான் கோளாறு.

உங்கள் மெயிலைப் படித்தேன். ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்குகிறது. கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவர், கம்பெனி இணைப்புச் சட்டத்தில் தீராத ஆர்வம். கீழே நான்கு பக்க ரெஸ்யூமே. இதை வாங்கியவர்களில் பாதிப் பேர் மதுரை கே.கே.நகரிலும் அண்ணா நகரிலும் பாகப்பிரிவினையும் வண்டிப்பாதைத் தகராறும் நடத்துகிறவர்கள். எந்த இரண்டு கம்பெனியை அவர்கள் இணைப்பது? பதில் வராததில் ஆச்சரியமே இல்லை.

ஐம்பது பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும். அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிக்கக் காஸ் லிஸ்ட்டை, அதாவது கோர்ட்டின் தினசரி வழக்குப் பட்டியலைப் பாருங்கள். ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையிலிருந்து நடக்கிறது. மறுநாள் எந்தக் கோர்ட் ஹாலில் எந்த வழக்கு, யார் வக்கீல் என்று பட்டியல் இணையத்திலேயே வந்துவிடும். வழக்கு எண்ணில் எம்டி என்று இருந்தால் மதுரைக் கிளை வழக்கு. ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அரசு ஊழியர்களின் வேலை சம்பந்தமான சர்வீஸ் வழக்குகளில் சில பெயர்கள், கோயில் நில வழக்குகளில் சில பெயர்கள் என்று திரும்பத் திரும்ப வரும். அதில் உங்களுக்குப் பிடித்த துறையை எடுத்துக்கொண்டு, அவர்கள் நடத்திய வழக்கின் உத்தரவை இறக்கிப் படியுங்கள். என்ன வாதம் வைத்தார், நீதிபதி எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பது அதிலேயே இருக்கும். ஜில்லா கோர்ட் என்றால் இன்னும் சுலபம். பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, குறுக்கு விசாரணையை யார் நிதானமாகச் செய்கிறார் என்று கவனியுங்கள்.

அப்புறம் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் நீளம் இவ்வளவுதான்: “ஐயா, ஓய்வூதிய வழக்கில் தாங்கள் வாதாடிப் பெற்ற உத்தரவைப் படித்தேன். தாமதத்தைக் காரணம் காட்டி மனுவைத் தள்ளக்கூடாது என்ற வாதத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஜூன் மாதம் படிப்பு முடிகிறது. அதற்கு முன் இரண்டு வாரம் தங்கள் ஆபீஸில் வந்து வழக்குக் கட்டுப் படிக்கவும் குறிப்பெடுக்கவும் அனுமதி வேண்டும். சரிப்பட்டால் ஜூனியராகச் சேர விருப்பம்.” வழக்கு எண்ணைக் குறிப்பிடுங்கள். சந்தேகம் நிஜமான சந்தேகமாக இருக்கட்டும், கேட்பார்கள்.

வேலை கொடுங்கள் என்றால் யோசிக்கிறவர், இரண்டு வாரம் என்றால் “சரி, வரச்சொல்” என்பார். அந்த இரண்டு வாரத்தில் எந்த வழக்கு எந்தத் தேதிக்கு என்று வாய்தா டைரி எழுதுவதையும், கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆன மனுவைக் குறை சரிசெய்து நம்பர் வாங்குவதையும் குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். குமாஸ்தாவுக்குப் பிடித்துப்போனால் பாதி வேலை முடிந்தது. இது எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

யாருக்கு எழுதுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய பெயர் என்று, கோர்ட் தரும் சீனியர் அட்வகேட் அந்தஸ்து பெற்றவர்களுக்கே எழுதாதீர்கள். அவர்கள் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது, மனு எழுதும் வேலையையும் கட்சிக்காரரிடமிருந்து நேரே வாங்கக்கூடாது. வழக்கை அடியிலிருந்து நுனி வரை பார்க்க, பதினைந்து இருபது வருட அனுபவம் உள்ள, இன்னும் தானே வக்காலத்து போடுகிற வக்கீல்தான் தோது. கம்பெனிச் சட்டத்தை விட மனமில்லை என்றால் அதன் தீர்ப்பாயம் சென்னையில்தான் இருக்கிறது. வங்கிக் கடன் வழக்குகளுக்கு மதுரையிலேயே கடன் மீட்புத் தீர்ப்பாயம் உண்டு. வங்கிகள் தங்கள் வழக்குகளுக்கென்று பட்டியலில் வைத்திருக்கும் பேனல் வக்கீல்களுக்கு எழுதலாம்.

மில், ஃபைனான்ஸ் கம்பெனி மாதிரி இடங்களில் சட்ட அலுவலர் வேலைக்கும் இதே போல் நேரடியாக எழுதலாம்தான். ஆனால் விதி 49-இன்படி முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது, வக்கீல் உரிமமான சன்னதை நிறுத்திவைக்க வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆசை மனதில் எங்காவது இருந்தால், கம்பெனிச் சம்பளத்துக்குத் தலையாட்டும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். தமிழ்நாடு பார் கவுன்சில் 2024-இல் விட்ட சுற்றறிக்கையில், ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் மாத உதவித்தொகை தரச் சொன்னது. நிறைய ஆபீஸ்களில் அந்தத் தொகை இல்லை என்பது கோர்ட் கேன்டீனில் காபி குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள். இரண்டு வாரம் முடிகிற அன்று, “மாதம் என்ன தருவீர்கள் சார்?” என்று நேராகக் கேளுங்கள். பஸ் காசும் தராத இடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் தள்ளுவது வீட்டில் வசதி இருப்பவர்களுக்குச் சரி. என்ரோல்மென்ட் கட்டணமும் அதே வருடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 750 ரூபாய்க்கு மேல் இல்லை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125.

அப்பாவின் யோசனை தப்பில்லை. சிபாரிசு இருந்தால் சீனியர் உட்காரச் சொல்வார், டீயும் வரும். ஆனால் கவுன்சிலர் சொன்னதற்காக எடுத்த ஜூனியரை அதே கவுன்சிலரின் வழக்குக்கு இலவசமாக ஓட விடுவதையும் பார்த்திருக்கிறேன். அப்பா சொல்லிவைக்கட்டும், கடிதம் உங்களுடையதாக இருக்கட்டும். பார்க்கப் போகும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைக்குப் பதில் அப்பாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற காட்சி நம் ஊர் சேம்பர்களில் அடிக்கடி நடக்கிறது.

மெயிலைவிட வாட்ஸ்அப்பைத்தான் பார்ப்பார்கள். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அனுப்பாமல், சாயங்காலம் ஆபீஸில் இருக்கும்போது அனுப்புங்கள். மே மாதம் உயர் நீதிமன்றக் கோடை விடுமுறை, அதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரு முறை ஞாபகப்படுத்தலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவர். ரெஸ்யூமேயை ஒரு பக்கமாகச் சுருக்கி, புதுக் கடிதத்தோடு எனக்கும் ஒரு பிரதி போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.