போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 380 தான் காட்டுகிறது, சுவையும் நன்றாக இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

புது வீடு கட்டி போர் போட்டிருப்பீர்கள். ஃபில்டர் விற்க வந்தவரோ பக்கத்து வீட்டுக்காரரோ நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் அந்த மீட்டரை டம்ளரில் முக்கி இந்த எண்ணைக் காட்டியிருப்பார். அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணையும் சுவையையும் மட்டும் வைத்துக் குடிக்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் குடித்தோம்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். 1987 வரை திறந்த கிணற்றுத் தண்ணீர்தான். கிணறு வற்றியதும் அப்பா 250 அடிக்கு போர் போட்டார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். போர் தண்ணீரோ இனித்தது. சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது. அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் மேல் அப்படி ஒரு பெருமை. "நம்ம தண்ணில துவரம்பருப்பு ஒரே விசில்ல பூவா வெந்துடும் கண்ணு" என்று உறவுக்காரர்களுக்குக் குடத்தில் கொடுத்தனுப்புவார்.

அப்போது எனக்கு இரண்டு வயது, அண்ணனுக்குப் பத்து. இன்றைக்கு எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பல்பொடி. அண்ணன் பல் பளிச்சென்று இருக்கும். என் முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைத் திட்டுகள், நடுவே குறுக்காகப் பழுப்புக் கோடுகள், இடது பக்கம் இருப்பது போலவே வலது பக்கமும். பல்லின் மேல்பூச்சான எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் தண்ணீரில் கரைந்து உடம்புக்குள் போகும் ஃபுளோரைடு என்ற உப்புதான் இந்தக் கறையைத் தரும். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அண்ணன் தப்பித்தது அதனால்தான். எனாமலுக்குள்ளேயே இருக்கும் கறை என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

காரணம் எனக்கே தெரியாமல்தான் கல்லூரிக்குப் போனேன். முதல் மாதமே விடுதிக் காப்பாளர் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் வாயைத் திறக்கச் சொல்லி, பாக்கு போடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன், நம்பவில்லை. பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த வராண்டா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பல் தேய்க்காதவர்கள், புகையிலை போடுகிறவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதை இன்றும் பார்க்கிறேன். கேட்க நினைப்பவர்கள் முதலில் எந்த ஊர், என்ன தண்ணீர் என்று கேளுங்கள்.

வேதியியல் ஆய்வகத்தில் இருந்த சார் ஒருவர்தான் என் பல்லைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவா என்றார். சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி, சிர்கோனியம் அலிசரின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஃபுளோரைடு இல்லாத தண்ணீரில் அது சிவந்தே நிற்கும். ஃபுளோரைடு இருந்தால் சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சாயம் தனியாகி மஞ்சளாகிவிடும். எங்கள் தண்ணீர் மஞ்சளானது. வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்ததில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவு வந்தது. இந்தியத் தரநிலைப்படி 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை.

அப்புறம்தான் பருப்பு விஷயம் புரிந்தது. எங்கள் மண்ணுக்கு அடியில் கிரானைட்டும், நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறையும். 1997-ல் போரை 400 அடிக்கு இறக்கியபோது வெளியே வந்த சேற்றில் காக்காப்பொன் (மைக்கா) மினுமினுக்கும், தீப்பெட்டியில் சேர்த்து வைத்தேன். அந்தக் கருப்புக் காக்காப்பொன்னில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்தில் வருடக்கணக்கில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் நீரில் பைகார்பனேட் ஏறிக் காரத்தன்மை கூடும். காரநீர் காக்காப்பொன்னிலிருந்து ஃபுளோரைடை எளிதாகப் பிரித்தெடுக்கும். நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படியவைத்துவிடும். எங்கள் ஆழ்நீரில் கால்சியம் போய் சோடியம் வந்துவிட்டது. பிடிக்க ஆளில்லாமல் ஃபுளோரைடு நீரிலேயே தங்கிவிட்டது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் கூடினால்தான் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரைக்கும். அம்மா பெருமைப்பட்ட குணமும் என் பல்லைக் கெடுத்த குணமும் ஒன்றேதான்.

உடனே யாராவது "எங்க வீட்டுத் தண்ணியும் மென்மையானதுதான், ஒன்றும் ஆகவில்லையே" என்று வருவார்கள். கால்சியம் குறைந்த மென்மையான தண்ணீரெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளினால் அளவு மாறும். இன்னொருவர் "பற்பசையிலேயே ஃபுளோரைடு இருக்கிறதே" என்பார். பற்பசையைத் துப்புகிறோம், தண்ணீரை நாள் முழுக்க விழுங்குகிறோம், சோறும் அதிலேயே பொங்குகிறோம். அளவாக இருந்தால் பல்லுக்கு நல்லது, அதையும் மறுக்கவில்லை. பல வருடம் அதிகமாகக் குடித்தால் எலும்பு இறுகி, முதுகு வளைந்துபோகும். இது நேற்று வந்த விஷயமும் இல்லை, சென்னை மாகாணத்தில் 1937-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு ஆத்திரமும் உண்டு. எங்கள் ஊர் ஏரி மட்டும் தூர்வாரி இருந்திருந்தால் கிணறு வற்றியே இருக்காது. மழைநீர் ஏரியில் நின்று, மேல்மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறும். பாறையோடு அதற்கு அவ்வளவு நாள் பழக்கம் கிடையாது. வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்தார்கள், யாரும் கேட்கவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

மீட்டர் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து, மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. உங்கள் 380-ல் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தால் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, இந்த அளவில் சுவையும் தெரியாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்ஓ குறைக்கும், ஆனால் முதலில் அளவு தெரியட்டும், பிறகு காசு செலவு செய்யுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது, ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கிய திட்டம். காவிரித் தண்ணீரில் பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாக ஆகிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார். அண்ணன் மகளுக்கு முன்பற்கள் வெள்ளையாக முளைத்திருக்கின்றன.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃபுளோரைடு தனியாகப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் எட்டு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை அதற்கு மட்டுமாவது வேறு தண்ணீர் கொடுங்கள்.