நான்கு ஞாயிறும் வட்டிக்குப் போகிறது

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மணலியில் வேலை, கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. ஞாயிறு விடியற்காலை காசிமேட்டில் மீன் லோடு வண்டி ஓட்டுகிறேன். செலவு போக 1,200 நிற்கும். முன்பெல்லாம் ஞாயிறு என்றால் கேரம் கிளப்தான். இப்போது போர்டு முன்னால் உட்கார்ந்தாலே, இந்த நேரத்தில் ஒரு நடை ஓட்டியிருக்கலாமே என்று மனசு குத்துகிறது. மச்சான் ஏதாவது வாங்க என் கிரெடிட் கார்டைக் கேட்பான், ஓடிபி சொல்லிவிடுவேன். அதில் 1,20,000 ரூபாய் நிற்கிறது. மாதம் 6,000 கட்டியும் குறையவில்லை. ஆப்ஷன் டிரேடிங் கற்றுக்கொண்டால் ஞாயிறு ஓட்டத்தை விட்டுவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆப்ஷனும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களின் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுக் கணக்கை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பார்த்தது. 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கற்றுத்தருகிறவர் கட்டணத்தை மட்டும் முன்னாலேயே வாங்கிக்கொள்வார். இந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

சேமிப்பு, இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. அந்த 1,20,000-க்கு வருகிறேன். கார்டு வட்டி மாதம் சுமார் மூன்றரை சதவீதம்; அதாவது 4,200. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு 750. ஆக 4,950. நீங்கள் கட்டும் 6,000-இல் அசலுக்குப் போவது ஆயிரம் சொச்சம். அதற்குள் மச்சானுக்கு ஒரு ஹெட்போன் வந்துவிடும், ஏறிவிடும்.

இப்போது நான்கு ஞாயிறைக் கூட்டுங்கள்: 4,800. வட்டிக்கே போதவில்லை! விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நீங்கள் ஓட்டுவது வீட்டுக்காக இல்லை, கார்டு கம்பெனிக்காக. குத்த வேண்டிய இடம் கேரம் போர்டு இல்லை, சார்.

வீட்டில் நகை இருந்தால் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதித்தால் வங்கியில் அடகு வையுங்கள். இன்றைய விலைக்கு இரண்டு மூன்று சவரன் போதும். வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் ஆயிரம்தான். (அவருடைய தம்பிக்காக அவர் நகையா என்று அவருக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தானே.) கார்டை ஒரே தடவையில் அடைத்து மூடிவிடுங்கள். லிமிட்டைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். “மாமா, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க” என்று போன் வந்தால், கார்டே இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று வங்கி அனுப்புகிற மெசேஜ் மச்சானையும் சேர்த்துத்தான்.

அப்புறம், ஓட்டத்தை மாதம் இரண்டு ஞாயிறாகக் குறையுங்கள். வருமானம் 2,400 குறையும், 6,000-க்குப் பதில் கடனுக்கு 3,600 கட்டலாம். மூணேகால் வருஷத்தில் முடியும். தீபாவளி போனஸில் வருஷம் 15,000 போட்டால் இரண்டரை வருஷத்துக்குள்ளேயே முடிந்துவிடும். நகைக்கடனைப் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

மற்ற இரண்டு ஞாயிறு கிளப்புக்கு. சந்தா, டீ, ஸ்ட்ரைக்கர் எல்லாம் சேர்த்து மாதம் 500 ரூபாய் என்று சம்பளத்தன்றே தனியாக எடுத்து வையுங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பக்கத்துப் பெண்தான். அந்த ஏரியாவில் கேரம் ஆடுவதை வெட்டி வேலை என்று யார் சொல்லப் போகிறார்கள்? மச்சான் சொன்னால், ஹெட்போன் காசை எப்போது தருவாய் என்று கேளுங்கள்.