செல்லோக்காரர் ஏன் பாடம் எடுக்கவில்லை?

வணக்கம் ஐயா,

மேற்கத்திய சங்கீதம் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து வருகிறேன். அந்த உரிமையில் வீட்டுப் பிரச்சினை ஒன்றைக் கேட்கிறேன்.

என் மகளுக்கு 13 வயது. ஆறு வயதிலிருந்து வயலின் கற்கிறாள், மேற்கத்திய முறையில். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அவளுக்குச் சொல்லித்தருபவர் ரஷ்யாவிலிருந்து வந்த வயதான அம்மா, ரொம்பக் கண்டிப்பு. இந்தக் கோடை விடுமுறையில் மகளை மூன்று வார இசை முகாம் ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கேயே தங்க வேண்டும். கட்டணத்தைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

அங்கே அவளுக்கு இரண்டு ஆசிரியர்கள். தனி வகுப்பு எடுத்தவர் ஏதோ ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பவர். வில்லைப் பிடிப்பதே தவறு என்று சொல்லி முதல் வாரமே மாற்றிவிட்டார். இன்னொருவர் செல்லோக்காரர் (செல்லோ என்பது உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி), குவார்ட்டெட்டுக்குப் பொறுப்பு. அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு. செல்லோவுக்குப் பிள்ளை கிடைக்காததால் அவரே உட்கார்ந்து வாசித்தாராம். பாடமே எடுக்கவில்லை, கூடவே வாசித்தார் என்கிறாள். இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம்? அதிலும் இவளுக்குக் கிடைத்தது இரண்டாவது வயலின்தான். செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'அமெரிக்கன்' குவார்ட்டெட் வாசித்தார்கள்.

ஊர் திரும்பியதும் புது வில் பிடியைப் பார்த்த டீச்சர் கொதித்துவிட்டார். இனி அங்கே அனுப்புவதானால் என்னிடம் வர வேண்டாம் என்கிறார். மகள் இரண்டு வாரமாக வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. கேட்டால் "எனக்கு குவார்ட்டெட்தான் வாசிக்கணும்" என்கிறாள். நம்ம சங்கீதத்தில் இந்த வம்பே கிடையாது, ஒரே குருதான் என்கிறார் கணவர்.

இந்த முகாம்களில் சொல்லித்தருபவர்கள் கச்சேரி இல்லாத மாதங்களில் காசுக்காக வருபவர்கள்தானா? யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த வருடம் அனுப்பலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆமாம், காசுக்காகவும்தான் வருகிறார்கள். இளக்காரமாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கோடை முகாம்கள் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1960களுக்கு முன்பு அங்கே பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் வேலை பார்த்தவர்களுக்கே ஆண்டு முழுக்கச் சம்பளம் கிடையாது. இலையுதிர் காலத்தில் தொடங்கும் சீசன் வசந்தத்தோடு முடிந்துவிடும். அப்புறம் அவரவர் பாடு. 52 வாரமும் சம்பளம் என்ற ஒப்பந்தம் பிலடெல்ஃபியா, நியூயார்க் ஆர்கெஸ்ட்ராக்களுக்கே 1960களில்தான் வந்தது. நகரத்துப் புழுக்கத்தை விட்டு மலைப்பக்கமோ கடல்பக்கமோ போய், அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கோடையைக் கழித்தவர்கள் பலர். ஃபிரான்ஸ் க்னைசல் என்பவர் பாஸ்டன் சிம்பனியின் கான்சர்ட்மாஸ்டராக இருந்தவர், அதாவது முதல் நாற்காலி வயலின்காரர். மெய்ன் மாநிலத்தில் ப்ளூ ஹில் என்ற கடலோர ஊருக்கு அவர் கோடைக்குப் போவார். மாணவர்களும் பின்னாலேயே போனார்கள். 1902இல் அப்படித் தொடங்கிய க்னைசல் ஹால் இன்றும் நடக்கிறது.

'ஏதோ ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். தனிக் கச்சேரி செய்ய முடியாதவர்கள்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அங்கிருந்து முகாமுக்கும் வருகிறார்கள் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. ஜோசப் கிங்கோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் வயலின் மேதை இசாயியிடம் படித்தவர். புகழ்பெற்ற நடத்துநர் டாஸ்கனினியின் கீழ் என்பிசி வானொலி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார், பிறகு 1947 முதல் 1960 வரை கிளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவின் கான்சர்ட்மாஸ்டர். வாழ்நாளின் பெரும்பகுதி ஆர்கெஸ்ட்ரா நாற்காலியிலும் வகுப்பறையிலும் போனது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பக்கம் இருக்கும் மெடோமவுண்ட் என்ற கோடைப் பள்ளியில் அவர் பல வருடம் பிள்ளைகளுக்குச் சேம்பர் மியூசிக், அதாவது குவார்ட்டெட் மாதிரி சிறு குழு இசை, சொல்லிக்கொடுத்தார். 12 வயதில் அங்கே போன, பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரான ஜோஷுவா பெல் அவரிடம்தான் பிறகு மாணவராகச் சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால் பெல் வளர்ந்த ஊர் இண்டியானாவின் ப்ளூமிங்டன், கிங்கோல்ட் அப்போது பேராசிரியராக இருந்ததும் அதே ஊரில்தான். வேறு மாநிலத்தில் ஒரு கோடை முகாம் வேண்டியிருந்தது அவர்களைச் சேர்த்துவைக்க.

சரி, வில் பிடிக்கு வருவோம். இதில் உங்கள் டீச்சர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

வில்லைப் பிடிப்பதில் ரஷ்யப் பிடி, ஃபிராங்கோ-பெல்ஜியப் பிடி என்று பெரிய சம்பிரதாயங்கள் உண்டு. ரஷ்யப் பிடியில் வில்லின் குச்சி ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் நோக்கி ஏறி உட்காரும், கையின் கனம் நேராக வில்லுக்கு இறங்கும். மற்றதில் விரல்கள் கொஞ்சம் தளர்ந்து, வில்லோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும். இரண்டுமே சரி. ரஷ்யப் பிடியில்தான் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் வாசித்தார், அவரிடம் போய் யார் குறை சொல்வது? ஆனால் ஏழு வருடம் ஒரு பிடியில் வாசித்த கையை இன்னொன்றுக்கு மாற்றினால் முதல் சில மாதங்களுக்கு எல்லாமே கெட்டுப்போகும். சத்தம் கரகரக்கும், வேகமான இடங்கள் தடுமாறும். அந்த மாதங்களில் வாராவாரம் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். மூன்றாவது வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற ஆசிரியரால் அது முடியாது.

மெடோமவுண்டை 1944இல் தொடங்கிய ஐவன் கலாமியன் மாணவர்களின் வில் பிடியை மாற்றியவர்தானே என்று யாராவது கேட்கலாம். ஈரானின் தப்ரீஸில் பிறந்த ஆர்மீனியர், மாஸ்கோவிலும் பாரிஸிலும் படித்தவர், பெரும் வயலின் கலைஞர்கள் இட்ஸாக் பெர்ல்மனுக்கும் பிங்கஸ் ஸுக்கர்மனுக்கும் ஆசிரியர். தன்னிடம் வருகிறவர்களை ஸ்கேல் எனும் சுரவரிசையிலிருந்தும் வெறும் வில் பயிற்சியிலிருந்தும் மறுபடி தொடங்கவைப்பார். காலை நேரம் முழுக்க அவரவர் அறையில் சாதகம்தான். அவர் வெளியே நடந்துகொண்டே ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன நடக்கிறது என்று கேட்பார், சத்தம் நின்றால் கதவு தட்டப்படும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவருடைய கோடை இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அது முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் பலர் நியூயார்க்கில் ஜூலியார்ட், பிலடெல்ஃபியாவில் கர்ட்டிஸ் ஆகிய இசைக் கல்லூரிகளில் அவரிடமே தொடர்ந்தார்கள். கெடுத்ததைக் கட்டி எழுப்ப அவருக்குக் குளிர்காலம் முழுக்கக் கையில் இருந்தது.

முகாமில் உங்கள் மகளின் வயலின் ஆசிரியர் கண்டுபிடித்த குறை உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் வீட்டு டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும், அல்லது போனில் பேசியிருக்க வேண்டும். அவராகவே கை வைத்தது தப்பு. அதற்காக 'இனி என்னிடம் வராதே' என்று பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் மிரட்டுவதும் தப்புதான். இரண்டு பெரியவர்களின் சண்டை அவளுடைய வலது கையில் நடக்கிறது, பெட்டி திறக்காமல் கிடப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீங்கள் குறையாகச் சொன்ன விஷயம். அந்தச் செல்லோக்காரர்.

'அமெரிக்கன்' குவார்ட்டெட்டின் ஆரம்பத்தை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். வயலின்கள் மெல்லிய சலசலப்பாகத் தொடங்குகின்றன. செல்லோ கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதற்கு மேல் மெட்டைப் பாடுவது முதல் வயலின் இல்லை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா. அந்த இடத்தில் இரண்டாவது வயலினின் வேலை, வயோலாவை மூடிவிடாமல் அந்தச் சலசலப்பை உயிரோடு வைத்திருப்பது. இதை வாயால் விளக்கலாம்: மெதுவாக வாசி, வில்லைக் குறைத்து எடு, வயோலாவைக் கேள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறுபடி சத்தமாகத்தான் வாசிக்கும். பக்கத்தில் ஒரு தேர்ந்த கை அந்த ஒற்றைச் சுரத்தை எவ்வளவு சன்னமாக, ஆனால் எவ்வளவு திடமாகப் பிடிக்கிறது என்று காதுக்கு இரண்டு அடி தூரத்தில் கேட்டால் மற்ற மூன்று பேரின் வில்லும் தானாக இறங்கிவிடும். செல்லோக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார், எப்போது நிமிர்ந்து வயோலாப் பிள்ளையைப் பார்க்கிறார் என்பதெல்லாம் பாடம்தான். நீங்கள் கட்டிய பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போயிருக்கிறது என்று நான் சொல்வேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்த குவார்ட்டெட்டே விடுமுறையில் பிறந்தது. நியூயார்க்கில் தேசிய இசைப் பள்ளியின் இயக்குநராக இருந்த துவோர்ஷாக் 1893 கோடை விடுமுறைக்கு அயோவா மாநிலத்தில் ஸ்பில்வில் என்ற செக் மக்களின் சிற்றூருக்குக் குடும்பத்தோடு போனார். ஜூன் மாதத்தில், பதினைந்து பதினாறு நாளில் இதை எழுதி முடித்தார். முதலில் வாசித்துப் பார்த்தது எந்தப் பெரிய குழுவும் இல்லை. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் கோவர்ஷீக், அவர் மகள், மகன், நாலாவதாகத் துவோர்ஷாக்கே முதல் வயலினோடு உட்கார்ந்தார். அவர் வயலினில் பெரிய வித்வான் கிடையாது, இளவயதில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தது வயோலாதான். இருந்தாலும் உட்கார்ந்தார்.

வெர்மாண்ட்டில் 1951இல் பியானோ மேதை ருடால்ஃப் செர்கினும் வயலின்காரர் அடால்ஃப் புஷ்ஷும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய மார்ல்பரோ என்ற கோடை முகாமில் இதுவேதான் முறை. அது சிறுபிள்ளைகளுக்கானது அல்ல, தொழிலில் காலெடுத்து வைக்கும் இளைஞர்களுக்கானது. அங்கே மூத்தவரும் இளையவரும் ஒரே குழுவில் சக கலைஞர்களாக உட்கார்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகை பார்த்ததில் பெரும்பாலானவை மேடை ஏறாது. சாப்பாட்டுக் கூடத்தில் காகித நாப்கினை உருண்டையாக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிவது அங்கே பிரசித்தம், செர்கினும் எறிவார். அவர் மேல் எறிந்துவிட்டு மறுநாள் காலை அவரோடு உட்கார்ந்து வாசிக்கிற பையனுக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் இல்லையா?

உங்கள் கணவர் சொன்ன ஒரே குரு விஷயம் பாதிதான் உண்மை. வீட்டில் ஒரே குருதான். ஆனால் லால்குடி ஜெயராமன் 12 வயதில் மேடை ஏறியது பக்கவாத்தியக்காரராக. பெரிய பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே போகிறார் என்று மூன்று மணி நேரம் துரத்திக்கொண்டே வாசிக்கிற இளம் வயலின்காரருக்கு அந்தப் பாடகர் வாய் திறந்து எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம்ம ஊரில் யாரும் அதைப் பாடம் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

'இரண்டாவது வயலின்தான்' என்ற மனத்தாங்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைப் போட்டியாக வைத்துப் பார்த்த முகாம்களும் இருந்திருக்கின்றன. மிச்சிகனில் 1928இல் தொடங்கிய இண்டர்லோக்கனில் நாற்காலிக்குச் சவால் விடும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. பின் நாற்காலிப் பிள்ளை முன் நாற்காலிக்குச் சவால் விடும், இருவரும் ஒரே பகுதியை வாசிப்பார்கள், கூட இருப்பவர்கள், வாசிப்பது யார் என்று பார்க்காமல், கை தூக்கி முடிவு சொல்வார்கள். சில பிள்ளைகள் இதில் தீட்டப்பட்டார்கள், சிலர் வாத்தியத்தையே வெறுத்தார்கள். மெடோமவுண்டில் மாணவியாக இருந்த டோபி பெர்ல்மன் (கணவர் இட்ஸாக்கைச் சந்தித்ததும் அங்கேதான்) 1994இல் தானே ஒரு கோடைப் பள்ளி தொடங்கியபோது போட்டியே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அங்கே வயலின், செல்லோ பிள்ளைகள் எல்லாரும் தினமும் கோஷ்டியாகப் பாட வேண்டும். இட்ஸாக் பெர்ல்மனும் அடிக்குரல் பாடுபவர்களோடு போய் உட்கார்ந்து பாடுவார். பாட்டில் அங்கே யாரும் மேதை இல்லை, எல்லாரும் ஒரே நிலைமைதான். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் டீச்சரிடம் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். வில் பிடி அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிடுங்கள், கூடவே வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் அவர்தான். பதிலுக்கு ஒன்று கேளுங்கள். வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் அவர் தன் வயலினை எடுத்து மகளோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக் 1931இல் இரண்டு வயலின்களுக்கென்றே 44 சின்ன உருப்படிகள் எழுதினார், கற்பவர்களுக்காகவே எழுதியது. முதலில் இருப்பவை உங்கள் மகளுக்கு எளிது, நடுவிலிருந்து தொடங்கலாம். கண்டிப்பான டீச்சர்கள் இதற்கு மறுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்கும் வாசிக்க ஆசை இருக்கும். பக்கத்தில் வார இறுதி குவார்ட்டெட் வகுப்பு எங்கே நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த வருடம் தாராளமாக அனுப்புங்கள். பணம் கட்டும் முன் முகாம்காரர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தனி வகுப்பில் பிடி, தோரணை மாதிரி அடிப்படைகளை மாற்றுவதானால் வீட்டு ஆசிரியரிடம் முதலில் பேசுவீர்களா? ஆசிரியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பார்களா? தெளிவாகப் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். பல முகாம்களுக்கு ஒலிப்பதிவு அனுப்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும், நல்ல இடங்களின் கெடு குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அதனால் டீச்சரோடு சமாதானம் இலையுதிர் காலத்துக்குள் ஆகிவிட்டால் நல்லது.