டிவி கேம் கேசட்டை ஊதிப் போட்டால் ஏன் ஓடியது? உள்ளே டேப் இருந்ததா?

டேப் கிடையாது. 'கேசட்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் சித்தி வீட்டில் ஒருமுறை மஞ்சள் கேசட்டைத் திருப்புளியால் திறந்து பார்த்தேன். சின்னப் பச்சைப் பலகை, நடுவில் கறுப்பாக ஒட்டிய பிசின் பொட்டு, ஓரத்தில் தகதகக்கும் கம்பிக் கோடுகள். அந்தப் பொட்டுக்கு அடியில் உள்ள சிப்பில்தான் விளையாட்டு இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் கிடைத்த பெட்டிகள் பெரும்பாலும் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியின் நகல்கள். அதன் வன்பொருளை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மசயுகி உஎமுரா. அதன் பிராசசர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை நினைவகம் வெறும் 2 கேபி (கிலோபைட்). சூப்பர் மாரியோ முழுதும் 40 கேபிதான். இவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை உலகத்தை அடக்கியதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, ஊதும் கதை. கேசட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கம்பிக் கோடுகள்தான் பெட்டியைத் தொடும் முனைகள்; மொத்தம் 60, பக்கத்துக்கு 30. பிராசசர் நேரடியாக அவற்றின் வழியாகவே படிப்பதால், ஒரு முனை சரியாகத் தொடாவிட்டாலும் திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். ஊதியதை விட, எடுத்து மறுபடி செருகியதுதான் பெரும்பாலும் வேலை செய்தது. உரசும்போது தொடர்பு திரும்பக் கிடைத்துவிடும். மூச்சின் ஈரமோ நாளடைவில் முனைகளை அரித்துவிடும். பெட்டி இன்னும் பரணில் இருந்தால் ஊதாதீர்கள். பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த அப்புறம் செருகுங்கள்.